மூன்றாவது அளவு

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். கண்ணாடிக் கடைக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று கூடத்தில் உட்கார்ந்து எல்லோரும் பேசி முடித்தார்கள். பேசி முடித்த கையோடு வீட்டின் மருமகள் தன் போனில் கடைப் பெயரை அடித்து, பின்னால் டாட் காம் சேர்த்து, அந்தப் பெயர் கிடைக்குமா என்று பார்த்தாள். கிடைக்கவில்லை. யாரோ முன்பே வாங்கிவிட்டிருந்தார்கள்.

வாங்கியவர் யார் என்று தேடினால், உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டுள்ளது என்று மட்டும் வந்தது. வாங்கிய தேதி மறைக்கப்படவில்லை. அது, கூடத்தில் பேச்சு எடுப்பதற்கு முந்தைய நாள்.

பேச்சு வருவதற்கு முன்பே, பேச்சு வரும் என்று தெரிந்த ஒருவர் இந்த வீட்டுக்குள் இருக்கிறார். அவர் பேச்சு வந்தபோது ஒன்றும் தெரியாதவர் போலத் தலையும் ஆட்டியிருக்கிறார்.

நிற்க. அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

கடைப் பெயர் என்பது வெறும் பலகை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இனிமேல் வாடிக்கையாளர் தெருவில் நடந்து வந்து கடையைக் கண்டுபிடிக்கப்போவதில்லை. போனில் தேடுவார். தேடும்போது எது வருகிறதோ அதுதான் கடை. அந்தப் பெயர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. கண்ணாடி வெட்டும் மேஜையருகே நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோன தன் கணவன், நாளைக்கு யாரோ ஒருவரின் கடையில் கூலிக்கு வெட்டுகிற ஆளாக நின்றுவிடக் கூடாது. அவளுடைய கவலை அவ்வளவுதான்.

வீடு மாடியில். கடை கீழே. காலையில் டீத் தம்ளருடன் அவள் இறங்கியபோது, படியின் திருப்பத்தில் கொழுந்தன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செருப்புச் சத்தம் கேட்டதும் மூடியைத் தாழ்த்தினான். முழுக்க மூடவில்லை. ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் திறந்து வைத்தான். முழுக்க மூடியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு சந்தேகம் வந்திருக்காது.

"என்ன தம்பி, படியில உக்காந்து பாக்கற அளவுக்கு அப்படி என்ன படம்?"

"படமா? வேலை அண்ணி."

"வேலையை எதுக்கு மூடணும்?"

"சோதனைச் சாவடி அதுக்குள்ள தொறந்தாச்சா? இன்னும் கடையே தொறக்கலையே."

சோதனைச் சாவடி என்பது அவன் அவளுக்கு வைத்த பெயர். கல்யாணமாகி வந்த புதிதில், பால் வாங்கிவரப் போனவனை எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம், மீதி எங்கே என்று வரிசையாகக் கேட்டதிலிருந்து வந்த பெயர். அவளும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. சாவடி இருக்கிற ஊரில் திருட்டு குறைவு என்பாள்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேக்காம விடவா போறீங்க?"

"நம்ம கடைக்கு வெப்சைட் வேணும்னு முதல்ல பேச்சை எடுத்தது நீதானே?"

"ஆமா."

"அது உனக்கா தோணுச்சா, இல்லை யாராவது சொன்னாங்களா?"

அவன் தம்ளரைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "டீ ஆறுது அண்ணி" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டான்.

இவன்தான் என்று அவள் அப்போதே முடிவு செய்தாள்.

கடையைத் திறந்ததும் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. இணையதளத்துக்குப் படங்கள் வேண்டும் என்று மாமனார் சொல்லியிருந்தார். போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாடியாகப் படம் பிடித்தாள். ஆளுயரக் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி, வட்டக் கண்ணாடி, விளிம்பு சீவியது, சீவாதது. எடுத்து முடித்துப் பார்த்தால், ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். ஒன்றில் முகம், ஒன்றில் முழங்கை, ஒன்றில் போனைப் பிடித்த கை மட்டும்.

எட்டிப் பார்த்த கொழுந்தன், "கண்ணாடி எங்க அண்ணி? முழுக்க நீங்கதானே இருக்கீங்க?" என்றான்.

நான்கு சுவரிலும் கண்ணாடி சாத்தியிருக்கிற கடையில் அது அப்படித்தான். எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு கண்ணாடியில் விழுந்துவிடுவோம். கல்லாவில் உட்கார்ந்தபடியே, தலையைத் திருப்பாமல், கடைக்குள் யார் மூக்கைச் சொறிகிறார்கள் என்பதுவரை அவளால் சொல்ல முடியும். ஒரே ஓர் இடம்தான் விதிவிலக்கு. நடுத்தூணுக்கு இடப்பக்கம், மாமனாரின் நாற்காலி. அங்கே உட்கார்ந்தவர் எந்தக் கண்ணாடியிலும் விழமாட்டார். அவருக்கு மட்டும் கடை முழுக்கத் தெரியும்.

போன் அடித்தது. அவள் எடுத்து, அந்தக் கடையில் எல்லோரும் சொல்கிற அதே வார்த்தைகளைச் சொன்னாள்.

"சொல்லுங்க. அளவு நீங்க எடுத்தீங்களா, நாங்க வந்து எடுக்கணுமா?"

இந்தக் கடையில் வணக்கம் சொல்வதற்கு முன் அளவைத்தான் கேட்பார்கள். மாமனார் பழக்கிய பழக்கம். வாடிக்கையாளர் சொல்கிற அளவுக்கு அவர் வெட்டுவதில்லை. இரண்டு பேர் நேரில் போய் அளக்க வேண்டும். இரண்டு பேரும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஒருவர் அளவை மற்றவர் கேட்கக் கூடாது. கடைக்கு வந்ததும் ஒருவர் தெருவில் நிற்க, மற்றவர் உள்ளே வந்து சொல்வார். பிறகு அவர் வெளியே போக, இவர் வந்து சொல்வார். தெருவில் போகிறவர்கள், அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு அளவும் ஒத்துவந்தால் வெட்டு. ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆள் போய் அளக்க வேண்டும்.

மூன்றாவது ஆளாக ஒரு காலத்தில் போனது நாத்தனார். அண்ணனுக்குத் தங்கை, தம்பிக்கு அக்கா. கண்ணாடி வெட்டும் கட்டரை அண்ணனைவிட நேராக இழுப்பாள் என்று மாமனாரே சொல்லியிருக்கிறார். ஒரு நாள் ஓர் ஆளுயரக் கண்ணாடி தவறான அளவில் வெட்டுப்பட்டு வீணாகியது. உன் அளவுதான் தப்பு என்று அண்ணன் சொன்னான். என் அளவு சரி, உன் வெட்டுதான் தப்பு என்று அவள் சொன்னாள். யாருடைய தப்பு என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. "இனிமே மேஜைப் பக்கம் வராதே" என்று அண்ணன் சொன்ன அன்று வெளியே போனவள்தான். கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருக்கிறாள். போன் பேச்சுகூடக் கிடையாது. அவள் பேச்சை எடுத்தால் வீட்டில் யாராவது ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள்.

அவள் போனதிலிருந்து மூன்றாவது அளவுக்கு மாமனாரே போகிறார்.

டீக்குப் பிறகு, இணையதளம் கட்டித் தருகிறவர் வந்தார். மாமனார் அவருக்கு வைத்த பெயர் 'முதல் வருஷம்'. பை ஒரு தோளிலும் சிரிப்பு மறு தோளிலுமாக வருகிற மனிதர்.

"சார், ரொம்ப சிம்பிள். வெப்சைட்டை வைக்கற இடம் எங்களுது. பக்கம் கட்டற கருவியும் எங்களுது. படத்தை இங்க இழுங்க, எழுத்தை அங்க இழுங்க, முடிஞ்சுது. சமையலறையில பாத்திரம் அடுக்கற மாதிரி. முதல் வருஷம் ஹோஸ்டிங் ஃப்ரீ."

"ஹோஸ்டிங்னா?" என்றார் மாமனார்.

"உங்க வெப்சைட் குடியிருக்கற வீடு சார். எங்க கம்ப்யூட்டர்ல ஒரு இடம். நாள் பூரா விளக்கு எரியும்."

"ரெண்டாவது வருஷம்?" என்றாள் மருமகள்.

"அது அப்போதைய ரேட் மேடம்."

"அப்போதைய ரேட்டை இப்போ சொல்ல முடியாதுன்னா, அப்போ நாங்க வீட்டைக் காலி பண்ண முடியுமா?"

முதல் வருஷம் பதில் சொல்வதற்குள் கொழுந்தன் உள்ளே நுழைந்தான். "அதைத்தான் நானும் கேக்கறேன். உங்க கருவியில கட்டின பக்கத்தை அப்படியே வேற ஹோஸ்டிங்குக்கு எடுத்துட்டுப் போகலாமா?"

"ஏன் சார் போகணும்? நாங்க என்ன குறை வச்சோம்?"

"போகணும்னு சொல்லலை. போகலாமான்னு கேட்டேன்."

"எழுத்தையும் படத்தையும் எடுத்துக்கலாம் சார். டிசைன் வராது. அது எங்க கருவியோட ஒட்டினது."

"அதாவது உங்க ஃபிரேம்ல உங்க கண்ணாடி மட்டும்தான் உக்காரும்" என்று வெட்டும் மேஜைப் பக்கமிருந்து அவள் கணவன் சொன்னான். சொன்னதோடு நிற்கவில்லை. "பேக்கப் தினம் எடுப்பீங்களா, வாரத்துக்கு ஒரு தடவையா?"

அவள் கை கல்லாப் பெட்டியின் மேல் அப்படியே நின்றது. நகல் எடுத்து வைப்பதைச் சொல்கிற பேக்கப் என்ற சொல் அவள் கணவன் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. ஒரு படத்தை அனுப்புங்கள் என்றால் போனையே கையில் கொடுத்துவிடுகிற மனிதன் அவன். இந்தச் சொல்லை எந்த வீட்டில் வாங்கிக்கொண்டு வந்தான்?

"தினம் வேணும்னா அது மேல் பிளான் சார். முதல் வருஷம் மட்டும்..."

"பேரு யார் கணக்குல வாங்குவீங்க?" என்றாள்.

"எங்க கணக்குலயே வாங்கிடுவோம் மேடம். பாஸ்வேர்டு, புதுப்பிக்கறது, அந்தத் தலைவலியெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"வேண்டாம்" என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில். ஒரே குரலில் இருவரும் பேசி அவள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. ஒற்றுமைகூட அன்றைக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"சரி சார், கோவிச்சுக்காதீங்க. முதல்ல பேரு இருக்கான்னு பாத்துடுவோம்."

இந்த நிமிடத்துக்குத்தான் அவள் காலையிலிருந்து காத்திருந்தாள். முதல் வருஷம் விசைப்பலகையைத் தட்டத் தொடங்கியதும், அவள் திரையைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தாள். ஆளுயரக் கண்ணாடியில் கணவன், வட்டக் கண்ணாடியில் கொழுந்தன். பெயர் இல்லை என்ற செய்தி வரும்போது யாருக்கு அது செய்தியாக இல்லையோ, அவர்தான் ஆள்.

"டாட் காம் போயிடுச்சே சார்" என்றார் முதல் வருஷம்.

அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி அண்ணனைப் பார்த்தான். இருவர் பார்வையும் கண்ணாடிக்குள் மோதித் திரும்பின.

"பரவாயில்லை, டாட் நெட் பாக்கலாம். அடடா, அதுவும் இல்லை."

ஆளுயரக் கண்ணாடியில் அவள் கணவன் குனிந்து, தரையில் இல்லாத ஒரு கண்ணாடிச் சில்லைத் தேடினான்.

"சரி, பேருக்குப் பின்னாடி கடைன்னு சேத்து டாட் காம் போடுவோம். என்ன சார் இது, இதுவும் போயிடுச்சு."

வட்டக் கண்ணாடியில் கொழுந்தன், ஒரு பூச்சியும் இல்லாத காற்றைக் கையால் விரட்டினான்.

"யாரோ உங்க பேரைச் சுத்தி வளைச்சு வாங்கியிருக்காங்க சார். எதிரிங்க யாராவது உண்டா?"

தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமனாரின் குரல் மட்டும் வந்தது. "வெளியில இருந்து எதிரி வந்து உக்கார இங்க இடம் ஏது? நாங்களே நெருக்கியடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"நீங்களே வாங்கி வச்சுட்டு எங்ககிட்ட விக்க வரலையே?" என்றாள் மருமகள் முதல் வருஷத்திடம்.

"மேடம், நான் வாங்கியிருந்தா இந்நேரம் விலை சொல்லிட்டிருப்பேன். இப்படி ஆறின டீயைக் குடிச்சுட்டிருப்பேனா?"

நியாயமாகத்தான் பட்டது. அவரைத் தன் சந்தேகத்திலிருந்து விடுவித்து, முகவரி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு வழியனுப்பினாள்.

அதன் பிறகு நேராக வெட்டும் மேஜைக்குப் போனாள். கம்பளி விரித்த மேஜையில் ஒரு கண்ணாடிப் பலகை கிடந்தது. கணவன் அடிகோலை வைத்துக் கட்டரை இழுத்தான். சீர் என்று ஒரு கோடு விழுந்தது. விளிம்பில் லேசாகத் தட்டினான். கோடு போட்ட இடத்தில் கண்ணாடி இரண்டானது.

"டாட் நெட்டை எப்போ வாங்கினீங்க?"

அவன் கட்டரைக் கீழே வைத்தான். "யார் சொன்னா?"

"கண்ணாடி சொல்லுச்சு."

அவன் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தான். "அப்பாதான் சொன்னார். எந்த ஹோஸ்டிங், எந்தக் கருவி, எல்லாம் நீ தனியா பாரு, தம்பிகிட்ட மூச்சு விடாதேன்னார். ஜன்னல் அளக்கற மாதிரின்னு வச்சுக்கோயேன். அளவு எடுக்கப் போன வீட்டுல ஒருத்தர் இந்த வேலை பண்றார். அவர்கிட்ட உக்காந்து கேட்டுக்கிட்டேன். பேரை முதல்ல பிடிச்சு வைங்கன்னார். டாட் காம் போயிருந்துச்சு. தம்பிதான் எடுத்துட்டான்னு நினைச்சேன். நான் டாட் நெட்டை எடுத்து வச்சேன்."

"என்கிட்டயுமா சொல்லக் கூடாது?"

"உன்கிட்ட சொன்னா நீ அவனை விசாரிப்பே. நீ விசாரிச்சா அவனுக்குத் தெரிஞ்சுடும்."



கொழுந்தனைக் கூப்பிட்டாள். படியில் தாழ்த்திய லேப்டாப் மூடி இப்போது தானாகத் திறந்தது. அவனிடமும் அப்பா அதையேதான் சொல்லியிருந்தார். பேச்சை நீ எடு, தனியாகப் பார், அண்ணனிடம் சொல்லாதே. அவனுக்கும் டாட் காம் கிடைக்கவில்லை. அண்ணன்தான் என்று நினைத்தான். பின்னால் கடை சேர்த்து ஒன்றை வாங்கி வைத்திருந்தான்.

"அண்ணனுக்கு வெப்சைட் அட்ரஸ் அடிக்கவே வராதே. அவர் எப்படி எடுத்திருப்பார்னுதான் மண்டையைக் குடைஞ்சிட்டிருந்தேன்."

"டேய்."

"உண்மையைச் சொன்னேண்ணா."

மூவரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் காற்று வந்தது.

"சரி, அளவைச் சொல்லுங்க" என்றாள். "வழக்கம்போல. ஒருத்தர் தெருவுக்குப் போங்க."

தம்பி உள்ளே நிற்க, அண்ணன் தெருவில் போய் நின்றான்.

"சொல்லு. முதல் வருஷத்தோட கருவியா?"

"வேண்டாம் அண்ணி. யார் வேணும்னாலும் போட்டுக்கற இலவச மென்பொருள் இருக்கு. கொஞ்சம் கத்துக்கணும். ஆனா கட்டினது நம்மளுது, மூட்டை கட்டிட்டு எங்க வேணா போகலாம். ஹோஸ்டிங் தனியா ஒரு இடத்துல, நடுத்தர பிளான், தினம் பேக்கப். பேரு வேற ஒரு கம்பெனியில. ஒருத்தர்கூட சண்டை வந்தாலும் இன்னொண்ணு நம்ம கையில இருக்கும்."

அவன் வெளியே போனான். அண்ணன் உள்ளே வந்தான்.

அவன் சொன்னதும் அதுவே. வார்த்தை மட்டும் வேறு. ஃபிரேம் தனி, கண்ணாடி தனி, மாட்டுகிற ஆணி தனி, எது உடைந்தாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றான். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இரண்டு அளவும் ஒரு நூல் பிசகாமல் ஒத்துவந்தன.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதை இருவரையும் எதிரெதிரே நிறுத்தியே கேட்டிருக்கலாம். பழக்கதோஷம், தனித்தனியாகக் கேட்டாள்.

"பேரு யார் பேர்ல?"

"என் பேர்லதான்" என்றான் கணவன். "அவனுக்கு நாளைக்கே நல்ல வேலை ஒண்ணு கிடைச்சா போயிடுவான். கடைப் பேரும் அவன்கூடவே போயிடும்."

தெருவுக்கும் உள்ளுக்கும் ஆள் மாறியது.

"என் பேர்லதான் அண்ணி" என்றான் கொழுந்தன். "அண்ணனுக்கு மெயில் பாக்கவே வராது. புதுப்பிக்கச் சொல்லி மெயில் வரும், அது பாட்டுக்குக் கிடக்கும். ஒரு நாள் பேரு கைவிட்டுப் போயிடும்."

இரண்டுமே நியாயம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒருவன் பொய் சொல்லியிருந்தால் மடக்கிவிடலாம். இரண்டு பேரும் உண்மை சொல்லும்போது எங்கே தட்டுவது?

அண்ணனும் உள்ளே வந்தான். மற்றவன் என்ன சொன்னான் என்பதை, அவள் சொல்லாமலே அவள் முகத்திலிருந்து இருவரும் தெரிந்துகொண்டார்கள்.

"அப்போ என்னை நீ நம்பலை" என்றான் அண்ணன்.

"நீ நம்பினியா?"

"பெரியவன் நான்டா."

"அதனாலதான் அக்கா வெளியில இருக்கா."

கணவன் தண்ணீர் குடிக்கப் போனான்.

அவள் தூணுக்கு இடப்பக்கம் போய் நின்றாள். மாமனார் நாற்காலியில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ரெண்டு பேருக்கும் ஒரே வேலையைக் குடுத்திருக்கீங்க."

"ஜன்னலுக்கே ரெண்டு பேரை அனுப்பறோம். இது கடைம்மா. அளவு ஒத்துவந்துச்சா?"

"எல்லாத்துலயும் வந்துச்சு. ஒண்ணுல வரலை."

"எதுல?"

"யார் பேர்லங்கறதுல."

"அதுல வராது" என்றார். ஆச்சரியமே இல்லாத குரல். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெருவைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

கல்லாவுக்குத் திரும்பி உட்கார்ந்தாள். டாட் காம் மட்டும் தீராமல் நின்றது. கணவன் இல்லை, கொழுந்தன் இல்லை, முதல் வருஷம் இல்லை. போனை எடுத்து அந்த முகவரியை மறுபடி அடித்தாள். நேற்றுவரை வெறும் வெள்ளைப் பக்கமாகத்தான் வந்தது.

இன்று வெள்ளையாக வரவில்லை.

மேலே கடைப் பெயர், பெரிய எழுத்தில். கீழே ஒரு படம். இதே கடை. ஆளுயரக் கண்ணாடி, வட்டக் கண்ணாடி, விளிம்பு சீவியது, எல்லாம் அந்தந்த இடத்தில். நன்றாக, நேராக எடுத்த படம். அவள் எடுத்த படங்களைவிட எவ்வளவோ மேல். ஏன் மேல் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. படத்தில் இருந்த ஒரு கண்ணாடியிலும் ஆள் இல்லை. முகம் இல்லை, முழங்கை இல்லை, போனைப் பிடித்த கை இல்லை.

இந்தக் கடையில் அப்படி ஒரு படம் எடுக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு.

அவள் தலையைத் தூக்கவில்லை. விரலால் பக்கத்தை மெல்ல மேலே தள்ளினாள். அடியில் ஒரு போன் எண் இருந்தது. கடையின் எண் இல்லை. கணவனுடையதும் இல்லை, கொழுந்தனுடையதும் இல்லை. மாமனாரிடம் போனே கிடையாது, மாடியிலிருக்கிற பழைய கேமரா ஒன்றுதான். படம் எடுத்தது ஒருவர் என்றால், கட்டியது வேறொருவர்.

உள்ளே மேஜைப் பக்கம் அண்ணனும் தம்பியும் குரலை உயர்த்தாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உயர்த்தாத குரல்தான் அந்த வீட்டில் பெரிய சண்டை. அவள் தன் போனிலிருந்தே அந்த எண்ணை அழைத்தாள்.

மணி போனது. எடுத்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்துக் குரல் முந்திக்கொண்டது.

"சொல்லுங்க. அளவு நீங்க எடுத்தீங்களா, நாங்க வந்து எடுக்கணுமா?"

பெண் குரல். அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது கடைசியில் கொஞ்சம் மேலே தூக்குகிற குரல். பல வருஷமாக இந்தக் கடையில் கேட்காத குரல். கூடத்தில் யாரும் பேச்சை எடுக்காத நாத்தனாரின் குரல்.

அவள் கட்டை விரல் சிவப்புப் பொத்தானுக்கு மேல் போய் நின்றது. இதை வைத்துவிட்டால், தான் கேட்டதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை. கணவனிடம்கூட. பேசிவிட்டால் கடைப் பெயர் யார் கையில் இருக்கிறது என்பது இந்த நிமிடமே கடை முழுக்கத் தெரிந்துவிடும்.

"ஹலோ? யாருங்க?" என்றது குரல்.

எதிர்ச் சுவரில் எந்தக் கண்ணாடியிலும் மாமனார் இல்லை. ஆனால் அவர் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"வச்சுடாதேம்மா" என்றார் தூணுக்குப் பின்னாலிருந்து. "பேசு."